நான் வெட்டிய நான்கு நிமிடங்கள்

தம்பி, இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழுக்கு இவ்வளவு நீளமான கடிதம் அதிகம்தான். முடியாவிட்டால் இப்போது பிறம்ரனில் தனியாக இருக்கிற அம்மாவுக்கு அனுப்பு, போனில் வாசித்துக் காட்டுவார். அவருக்கும் இதிலே தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. தனியாக எழுதாமல் ஊரெல்லாம் வாசிக்கிற பத்திரிகையில் ஏன் எழுதுகிறீர்கள் என்று நீ கேட்பாய். எட்டு மாதமாக நான் அனுப்பிய மெசேஜ் ஒன்றுக்கும் நீ பதில் போடவில்லை, அது ஒன்று. மற்றது, நான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிற பிழை உனக்கு மட்டும் செய்த பிழை இல்லை. ஸ்காபரோவில் என்னை நம்பித் தங்கள் பழைய ஒலிநாடாக் கசற்றுகளைத் தந்தவர்களும் இதை வாசிக்கவேண்டும். வாசித்தபிறகு என்னிடம் வரமாட்டோம் என்றால், வரவேண்டாம்.

எனக்கு நாற்பத்திமூன்று, உனக்கு இருபத்தொன்று. மகனுக்கு அறிவுரைக் கடிதம் எழுதுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. எழுதுகிற பொறுமையும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் பேச ஆள் இல்லை. மல்வேர்னில் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த ரவுண்ஹவுஸை வாங்கும்போது மூன்று பேருக்குச் சின்னதாய் இருக்கிறதே என்று அம்மா குறைப்பட்டார். இப்போது மேல்மாடிக்கு வாரத்தில் ஒருமுறைதான் ஏறுகிறேன், உன் அறையின் ஹீற்றர் வேலை செய்கிறதா என்று பார்க்க. செய்கிறது. பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். வேலை இருக்கிற நாளில் டவுன்டவுன் ஹோட்டல்களில் மாநாட்டுக்கு மைக் பூட்டுகிறேன். இல்லாத நாளில் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் பழைய கசற் ரேப்புகளைக் கணினிக்கு மாற்றுகிறேன். அங்கே ஹெட்போனைப் போட்டால் எனக்குத் தெரியாத ஆட்களின் குரல்தான் முழு நாளும். என்னோடு பேசுகிற குரல் ஒன்றுமில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் சனம் சண்டைக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்பியது. அந்தக் கசற்றுகளைத்தான் அதிகம் கொண்டுவருவார்கள். கலியாண வீடியோவும் வரும். நான் கசற்றை ஓடவிட்டு ஒலியைக் கணினியில் பிடிப்பேன். பிறகு இரைச்சலைக் குறைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாததை வெட்டி, அளவைச் சரிசெய்து கொடுப்பேன். இந்த வெட்டுகிற வேலையில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. திரையில் ஒலியின் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே வெட்டுவேன், கேட்கவும் மாட்டேன். பேச்சு எங்கே தொடங்குகிறதோ அங்கே கோப்பு தொடங்கவேண்டும். கல்லூரியில் அப்படித்தான் படிப்பித்தார்கள்.

நான் இங்கே வந்தது பதினைந்து வயதில், மாமாவோடு. உன் அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு ஏழு கசற் அனுப்பினார். அவர் செத்தபிறகு அவற்றையும் மாற்றினேன். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு இருமல், பிறகு கதிரை இழுபடுகிற சத்தம், பிறகு அவர் யாரையோ கேட்பார்: "உது பதியுதோ? சிவப்பு லைற் எரியுதே? எரியுது போலதான் கிடக்கு." அதற்குப் பிறகு தொண்டையைச் செருமி, வானொலிச் செய்தி வாசிக்கிறவரைப் போல, "அன்புள்ள மகனுக்கு அப்பா பேசுகிறேன்" என்று தொடங்குவார். நான் அந்த 'அன்புள்ள' என்ற சொல்லில் வெட்டினேன். ஏழு கசற்றையும் அப்படியே. கசற்றுகளும் இப்போது இல்லை. இன்றைக்கு என்னிடம் இருப்பது செய்தி வாசிக்கிற ஒருவரின் ஏழு கோப்புகள். என்னுடைய அப்பா அந்த வெட்டிய துண்டுகளில் இருந்தார். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஓபோ அன்ரியின் கதைக்கு வருகிறேன். நாலு வீடு தள்ளி இருக்கிற அவருக்கு, உன்னுடைய பத்து வயதில், நீதான் அந்தப் பெயரை வைத்தாய். ஓபோ என்பது நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுகிற மேற்கத்தியக் குழல் என்றும் நீதான் எனக்குச் சொன்னாய். அவர் தன் நாட்டின் தேசிய சிம்பொனி இசைக்குழுவில் அதை வாசித்தவர். எந்த நாடு என்று எழுதமாட்டேன். அவருடைய தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறார், பெயர் வெளியே போனால் அவருக்குத்தான் கரைச்சல். அன்ரியின் கணவர் அந்தக் குழு வாசித்த இசை மண்டபத்தில் ஒலிப்பதிவுக்காரர், என் தொழில்தான். அவர் பதிந்த இருபத்தாறு கசற்றுகளை ஒரு பிஸ்கற் பெட்டியில் வைத்து அன்ரி இங்கே கொண்டுவந்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன், உனக்குப் பதினைந்து வயதில், அந்தப் பெட்டியை எங்கள் வாசலில் வைத்தார். எல்லாவற்றையும் மாற்றித் தாருங்கள் என்றார். எல்லாவற்றையும் என்று இரண்டு தரம் சொன்னார். ஓபோ வாசித்தவரின் இங்கிலிஷ் மெதுவாக வரும், எனக்கு நின்று கேட்கிற பழக்கம் இல்லை. ஓம் ஓம் என்று பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஒவ்வொரு கசற்றிலும் கச்சேரி தொடங்குமுன் நாலு நிமிடம் சுருதி சேர்க்கிற சத்தம் இருந்தது. ஓபோ ஒரே ஸ்வரத்தை ஊதும், மற்றவர்கள் எல்லாரும் அதற்குத் தங்கள் வாத்தியங்களைச் சேர்ப்பார்கள். கேட்டால் சந்தை இரைச்சல் மாதிரி இருக்கும். சில கசற்றுகளில் அந்த ஓபோ மேடையிலேயே இல்லாததுபோல எங்கேயோ தூரத்தில் கேட்டது. மைக் பிழையாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பதிந்தவரை மனதுக்குள் ஏசினேன். ஒரே பின்னேரத்தில் இருபத்தாறு கோப்பின் தலையையும் வெட்டினேன். முழுப் பதிவுகள் டிஸ்கில் இடத்தைப் பிடித்தன, அழித்தேன். கசற்றுகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது, மற்ற ரேப்புகளுக்கும் பரவும், எறியட்டோ என்று கேட்டேன். இனி எதற்கு, எறியுங்கள் என்றார். எறிந்தேன். கோப்புகளை ஒரு யூஎஸ்பியில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. இறந்துபோன கணவர் அழுத்திய பொத்தானின் சத்தம் அதில் இருக்கும் என்ற பயத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார்.

பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். அந்த நாட்டு அமைச்சு இசைக்குழுவின் ஆண்டு விழாவுக்கு ஒரு வரலாற்று நூல் போட்டது. தடித்த தாள், வண்ணப் படங்கள். எந்தக் காலத்திலும் எந்த இசையும் தடுக்கப்படவில்லை, எந்தக் கலைஞரும் விலக்கப்படவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்களாம். பல நாடுகளில் சிதறி இருக்கிற பழைய வாத்தியக்காரர்கள் அதற்கு மறுப்பு எழுதக் கூடினார்கள். எல்லாரிடமும் ஞாபகம் இருந்தது, ஆதாரம் இல்லை. என்னிடம் இருக்கிறது, ஒலிப்பதிவு இருக்கிறது என்று அன்ரி அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் இழுப்பறையைத் திறந்தார். மாசி மாத விடுமுறைக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தபோது யூஎஸ்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். தொடக்கம் எங்கே என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வேறெங்கோ எடுத்து வைத்திருப்பேன் என்ற நம்பிக்கையோடு கேட்டார்.

நான் பொய் சொன்னேன். கசற்றின் முன்பகுதியில் பூஞ்சணம், அந்த இடம் எல்லாம் அழிந்துபோயிருந்தது என்றேன். நம்பும்படியான தொழில்நுட்பச் சொற்கள் நாலைந்து சேர்த்தேன். அவர் தலையாட்டினார். தன்னிடம்தான் பிழை, வெப்பமான இடத்தில் வைத்துவிட்டேன் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டுப் போனார். நீ படிக்கட்டில் நின்றாய்.

"அப்பா, பூஞ்சணம் எண்டது பொய்தானே?"

உனக்கென்ன தெரியும் என்றேன். "நான் கேட்டனான். ரேப் ஓடேக்கை நான் கீழ இருந்தனான். தொடக்கம் கிளியராத்தான் இருந்தது. ஜஸ்ற் ரெல் ஹேர், அப்பா. போய்ச் சொல்லுங்கோ." வேலை தெரியாதவன் என்று அந்த மனுசி ஊர் முழுக்கச் சொல்லும் என்றேன். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி அத்தோடு முடிந்திருக்கும். "அவ உங்களிட்ட சொறி கேட்டுட்டுப் போறா. உங்களுக்கு உள்ளுக்கை ஒண்டும் செய்யேல்லையே?" என்று கேட்டாய். நான் பேஸ்மென்றுக்கு இறங்கிவிட்டேன். அடுத்தநாள் நீ உன் வயோலா வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மொன்றியல் பஸ்ஸுக்குப் போகும்போது, உன்னுடைய பல்கலைக்கழக இசைக்குழுவின் கச்சேரிக்கு இனி நான் வரத்தேவையில்லை என்றாய். வராததைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்லவேண்டுமா? நான் எப்போதுதான் ஒழுங்காக வந்தேன்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்ச் சொன்னேன். ஏழு மாதம் பிந்தி. ஏன் அன்றைக்குப் போனேன் என்றால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது அவர் கைகாட்டினார், "மகன் சுகமா?" என்று கேட்டார். ஓம் சுகம் என்றேன். நீ சுகமா என்று எனக்குத் தெரியாது. ஒரே வாயால் அவருக்கு இரண்டாவது பொய். தொட்டியை அப்படியே விட்டுவிட்டு அவர் வீட்டுப் படியேறினேன்.

தேத்தண்ணி போட்டார். நான் குடிக்காமல் சொன்னேன். பூஞ்சணம் வெளிப்பக்கத்தில்தான் இருந்தது, ஒலி நன்றாக இருந்தது, நான்தான் வெட்டினேன், வெட்டியதை அழித்தேன், பிறகு பொய் சொன்னேன். சின்ன வசனங்கள், மாநாட்டில் மைக் சோதிக்கிற மாதிரி. அவர் கப்பைச் சுற்றிச் சுற்றி வைத்தார். பிறகு, அந்த நாலு நிமிடத்தில் என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டார். சுருதி சேர்க்கிறது என்றேன். சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை.

அந்த நாட்டில் ஒரு இசையமைப்பாளர் இருந்திருக்கிறார். வெளிநாடு ஒன்றில் அரசைப் பற்றி ஏதோ சொன்னார், பிறகு திரும்பி வரமுடியவில்லை. அவருடைய சிம்பொனியைத்தான் ஒவ்வொரு புதுவருடத்திலும் அந்தக் குழு வாசித்து வந்தது. அமைச்சு அதைத் தடைசெய்து, இசைத்தாள்களை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரிக்கும் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே அனுமதிக்குப் போகவேண்டும். ஒரு அதிகாரி மூன்றாவது வரிசையில் அந்த நிரலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வாசிக்க வாசிக்கப் பேனையால் சரி போடுவார். ஆனால் சுருதி சேர்ப்பது நிரலில் இல்லை. அதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை. எனவே வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் சுருதி சேர்க்கிற சாட்டில் தடைசெய்த சிம்பொனியில் தன்னுடைய பகுதியை மட்டும் வாசிப்பார். யாரும் சேர்ந்து வாசிப்பதில்லை, ஒரே நேரத்தில் தொடங்குவதுமில்லை. வயலினில் இரண்டு வரி, ட்ரம்பெற்றில் ஒரு துண்டு. தெரியாதவனுக்கு இரைச்சல். அந்த சிம்பொனியைக் கேட்டு வளர்ந்த சனம் மட்டும் துண்டுகளைத் தங்கள் காதுக்குள்ளே பொருத்திக்கொள்ளும். கச்சேரிக்குப் பிந்தி வருகிற பழக்கமுள்ள ஊர், அந்த வருடங்களில் அரைமணி நேரம் முந்தியே வந்து உட்கார்ந்ததாம்.

முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்ததை அன்ரி நாலு நிமிடமாக்கினார். ஓபோதானே ஸ்வரம் கொடுக்கிறது? அவர் மூச்சு எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார், மற்றவர்களுக்கு நேரம் கிடைக்கும். சுருதி சேர்க்க ஏன் இவ்வளவு நேரம் என்று அதிகாரி ஒருமுறை கேட்டிருக்கிறார். தந்திகள் பழசு, புதுத் தந்தி இறக்குமதி செய்ய உங்கள் அமைச்சுத்தான் விடுவதில்லையே என்று இசைக்குழுவின் நடத்துநர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே பெட்டி பெட்டியாகப் புதுத் தந்தி வந்ததாம். பிறகு நேரம் இன்னும் கூடியது, புதுத் தந்தி இழுபட்டு நிலைக்க நாளாகும் என்று சொல்லி. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் உண்மையாகச் சிரித்தார். கடைசி இரண்டு வருடத்தில் பெண்கள் மேடையில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. குழுவில் வேறு ஓபோ இல்லை. அவரைத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்ரூலில் இருத்தினார்கள். அங்கேயிருந்து ஸ்வரம் கொடுத்தார். எனக்குத் தூரத்தில் கேட்டது அதுதான். அவருடைய கணவர் மைக்கைப் பிழையாக வைக்கவில்லை. சொல்லப்போனால், திரைப்பக்கம் ஒரு மைக்கைத் திருப்பியும் வைத்திருக்கிறார். அமைச்சின் நூலில் அந்த இரண்டு வருடத்துக்கும் ஓபோ என்ற இடத்தில் பெயர் இல்லை.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு என்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். "அந்த அதிகாரி பதினொரு வருடம் மூன்றாவது வரிசையில் இருந்தும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, சவுண்ட் என்ஜினியர். நீங்கள் ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்து எடுத்துவிட்டீர்கள்."

நான் அதைக் கண்டுபிடிக்கவுமில்லையே, தம்பி. அந்த அதிகாரியும் நானும் ஒரே மாதிரி. கச்சேரி தொடங்கட்டும் என்று இருந்தவர்கள்.

நான் எழும்பினேன். அவர் போகவிடவில்லை. இருபத்தாறு கச்சேரியின் சுருதி நேரத்திலும் யார் எந்தத் துண்டை வாசித்தார் என்று தனக்கு ஞாபகம் இருக்கும்வரை சொல்லப்போகிறேன், பதியுங்கள் என்றார். நாலு ஞாயிறு பதிந்திருக்கிறேன், அவருடைய குசினி மேசையில். அவருக்கு முழு சிம்பொனியும் பாடத் தெரியாது, தன்னுடைய பகுதியைத்தான் முணுமுணுப்பார், நடுவிலே வெறுமையாக விரலால் தாளம் போட்டு மற்றவர்களுக்கு இடம் விடுவார். தேத்தண்ணிக் கேத்தல் கொதிக்கிறது, பதிகிறதா பதிகிறதா என்று என்னிடம் கேட்கிறார், கதிரை இழுபடுகிறது. ஒன்றையும் வெட்டவில்லை. ஆனால் இது ஞாபகம்தான், ஆதாரம் இல்லை. அவர் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.

உனக்குச் சொல்லவேண்டிய இன்னொன்று. நீ ஒன்பதாம் வகுப்பில் முதல்முதலாக மேடையில் வயோலா வாசித்ததை யாரோ ஒரு தாய் போனில் பிடித்து எனக்கு அனுப்பினார். நான் அன்று கார் நிறுத்த இடம் தேடினேன் என்று உனக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. சுருதி சேர்க்கிற இரைச்சல் முடியட்டும் என்று காருக்குள் இருந்தேன். அந்த வீடியோவின் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் தந்தியை முறுக்கிக்கொண்டிருக்க, நீ மட்டும் நிமிர்ந்து ஆட்களைப் பார்க்கிறாய். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து வருகிறாய். அம்மாவைக் கண்டாய். பக்கத்துக் கதிரையைப் பார்த்தாய். பிறகு குனிந்துகொண்டாய். இதை நான் பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். முதல் ஸ்வரத்திலிருந்து தொடங்குகிற சுத்தமான கோப்பை எல்லாருக்கும் அனுப்பினேன். அது பழக்கத்தில் வெட்டியது என்று சொன்னால் அதுவும் பொய்.

இனி கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். அன்ரியின் கசற்றுகளை மாற்றிய நாட்களில் நீ சில முழுப் பதிவுகளை உன்னுடைய கறுப்பு லப்ரொப் கணினிக்கு எடுத்தாய், உண்மையான இசைக்குழு எப்படி இருக்கும் என்று கேட்க. என்னுடைய டிஸ்கைக் குழப்புகிறாய் என்று ஏசினேன். "உதெல்லாம் குப்பை, அழி" என்றேன். அடுத்தநாள் கேட்டபோது "அழிச்சிட்டன் அப்பா" என்றாய். நீ பொய் சொல்லாத பிள்ளை. அந்த ஒருமுறை மட்டும் என்னிடம் பொய் சொல்லியிருக்கமாட்டாயா என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதிவுகள் இருந்திருந்தால் மாசியிலேயே நீ அன்ரியிடம் கொடுத்திருப்பாய் என்று மூளை சொல்கிறது. ஆனால் லப்ரொப்பின் கீல் உடைந்த நாளிலிருந்து நீ அதைத் திறக்கவே இல்லை, மறந்தும் இருக்கலாம். அது உன் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. நாலு திருகாணி கழற்றி உள்ளே இருக்கிற டிஸ்கை எடுத்தால் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். கழற்றவில்லை. அது உன்னுடையது, அதில் வேறு என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியத் தேவையில்லை. கேட்காமல் ஒன்றைத் திறந்து, எனக்கு எது தேவை என்று நானே முடிவுசெய்கிற வேலையை விட்டுவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் கச்சேரி என்று அம்மா சொன்னார். விடிய நாலு சாமானை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறினால் பின்னேரத்துக்கு முன் மொன்றியலுக்கு வந்துவிடுவேன். லப்ரொப்பையும் கொண்டுவருகிறேன். அன்ரியும் காரில் இருப்பார். உன்னைப் பார்க்கவேண்டும் என்று அவரேதான் கேட்டார். மண்டப வாசலில் நிற்கிற பிள்ளைகளிடம் உன் பெயர் சொல்லி லப்ரொப்பைக் கொடுத்துவிடுவேன். அதில் ஒன்றும் இல்லை என்றால் இல்லை. அதை அவரிடம் நான் சொல்லுவேன், நீ சொல்லவேண்டாம்.

கச்சேரிக்கு வரவேண்டாம் என்றாய், அதை மதிக்கிறேன். சுருதி சேர்க்கிறதுக்கு மட்டும் வரலாமா? கதவு திறக்கிற நேரத்துக்கே வந்து மூன்றாவது வரிசையில் உட்காருவேன். முதல் ஸ்வரத்துக்கு முன் எழும்பி வெளியே போகச் சொன்னால் போய் நிற்பேன். ஆனால் நீ தந்தியை முறுக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து பார், தம்பி. இந்தமுறை கதிரையில் ஆள் இருக்கும்.

அப்பா